செவ்வாய், வியாழன், சனி



தலைப்பைப் பார்த்துக் கிரகப் பலன் கேட்கலாம் என்று யாராவது வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கால்பந்துப் பேச்சு. செவ்வாய் இரவு பயிற்சி, வியாழன் இரவு பயிற்சி, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். ஸ்காட்லாந்தின் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் பலருக்கு வாரம் என்பது இந்த மூன்று நாள்தான். மற்ற நேரத்தில் ஒருவர் மின்கம்பி இழுப்பார், ஒருவர் தச்சு வேலை செய்வார், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார். ஆறு மணிக்கு வேலை முடித்து, காரில் ஏறி, ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் பந்தை உதைத்துவிட்டு, நள்ளிரவை ஒட்டி வீடு திரும்பி, மறுநாள் காலை மறுபடியும் வேலைக்குப் போவார்கள்.

இவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பெயர் மைக்கேல் மெக்கென்னா. இந்த அரங்கில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர் இருந்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். ஸ்காட்லாந்து தேசிய அணியில் அவர் ஆடியதில்லை. செல்டிக், ரேஞ்சர்ஸ் சட்டையும் போட்டதில்லை. ஆனால் 2021-22 பருவத்தில், அந்நாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவான சாம்பியன்ஷிப்பில், மற்ற எல்லாரையும்விட அதிக கோல் அடித்தவர் அவர்தான். 15 கோல். முன்களத்தில் நின்று அடித்தவை அல்ல, நடுக்களத்திலிருந்து வந்து அடித்தவை. அந்தப் பருவத்தில் பிரிவின் பத்து அணிகளில் ஒன்பது முழுநேரத் தொழில்முறை அணிகள். பகுதிநேர அணி ஒன்றே ஒன்று, ஆர்ப்ராத். மெக்கென்னாவின் அணி.

என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழ்ப் பிரிவு ஆட்டக்காரரை "மேலே போக முடியாமல் நின்றுபோனவர்" என்று பார்ப்பது நம் பழக்கம். இல்லையென்றால், "பகலில் உழைப்பாளி, மாலையில் வீரர்" என்று கண்ணில் நீர் தளும்ப எழுதுவது பத்திரிகைகளின் பழக்கம். இரண்டுமே அவரைச் சரியாகப் பார்ப்பதில்லை. அது ஒரு தொழில். அதற்கென்று நுணுக்கம் உண்டு, கூலி உண்டு, ஆபத்து உண்டு. அப்படி வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் லீக் அணிகள் 42. மேலே பிரீமியர்ஷிப்பில் 12. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன்று, லீக் இரண்டு என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 10 அணிகள். பத்து அணிகள்தான் என்பதால் ஒரே எதிரணியை ஒரு பருவத்தில் நான்கு முறை சந்திக்க வேண்டும். மொத்தம் 36 ஆட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான்காவது முறை சந்திக்கும்போது எதிரணியின் நடுக்களத்துக்காரர் எந்தக் காலால் திரும்புவார், எந்த நிமிடத்தில் மூச்சு வாங்குவார், எதைச் சொன்னால் கோபப்படுவார் என்பதெல்லாம் தெரிந்துபோயிருக்கும். கீழ்ப் பிரிவில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை.

மெக்கென்னா மசல்பரோ அத்லெடிக் என்ற அணியில் ஆடியவர். எடின்பரோவுக்குப் பக்கத்துக் கடலோர ஊர் அது. லீக்குக்கு வெளியே இருக்கும் அந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள் வளர்ந்த ஆண்கள். முழங்கை தாராளமாகப் புழங்கும். அங்கிருந்து பெரிக் ரேஞ்சர்ஸ். பெரிக் இங்கிலாந்து மண்ணில் இருக்கும் ஊர், ஆனால் அதன் கால்பந்து அணி ஸ்காட்லாந்து லீக்கில் ஆடி வந்தது. நாலாம் நிலைப் பிரிவு அணி. 2018இல் அங்கிருந்து ஆர்ப்ராத்துக்குப் போனார். கோடிக்கணக்கில் விலை பேசிய கதை எதுவும் இதில் இல்லை. இந்த மட்டத்தில் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்தபின் கைவீசிக்கொண்டு அடுத்த அணிக்கு நடக்கிறார்கள்.

இனி ஆர்ப்ராத். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆடும் இடம் தெரியாமல் ஆட்டக்காரரைப் புரிந்துகொள்ள முடியாது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டன்டீக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 24,000 பேர் வாழும் மீன்பிடி ஊர். புகையில் வாட்டிய ஹேடக் மீனுக்குப் பெயர்போனது. 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்டிஷ் கோப்பையில் பான் அக்கார்டு என்ற அணியை 36-0 என்று இந்த ஊர் அணி வென்றது. அந்த எண்ணிக்கை இன்றும் வினாடி வினாக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தோற்ற அணியின் பாட்டை நினைத்தால் எனக்கு அந்தச் செய்தியில் சந்தோஷம் வருவதில்லை. அதை விட்டுவிடுவோம்.

மைதானத்தின் பெயர் கேஃபீல்டு. ஐரோப்பாவில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் கால்பந்து மைதானம் என்று அதைச் சொல்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வட கடல். ஓதம் ஏறும்போது தண்ணீருக்கும் மைதானத்துக்கும் சில அடிகள்தான். புயல் நாளில் அலைத்துளி சுவரைத் தாண்டி உள்ளே விழும். டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இரண்டாம் பாதி முழுக்க விளக்கு வெளிச்சத்தில்தான். பார்வையாளர்கள் கையில் ஆட்டிறைச்சி அடைத்த பை ஒன்றும், சுடுநீரில் கரைத்த மாட்டிறைச்சிச் சாறு ஒரு கோப்பையும் இருக்கும். அந்தக் குளிருக்கு வேறு எதுவும் எடுபடாது போலிருக்கிறது.

அந்தக் காற்றில் நடுக்களத்துக்காரரின் வேலை என்ன? தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் நடுக்களத்துக்காரர்கள் பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்து, நாற்பது கஜத்துக்கு ஒரு பாஸ் கொடுப்பார்கள். கேஃபீல்டில் அப்படிக் கொடுத்தால் பந்து எங்கே போகும் என்பது காற்றுக்குத்தான் தெரியும். கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுவானில் தயங்கி நின்று, உதைத்தவரை நோக்கியே திரும்பி வரும். அதனால் அங்கே நடுக்களத்துக்காரர் பந்து இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. காற்று அதை எங்கே கொண்டு போடும், அங்கே இரண்டு தலைகள் மோதியபின் அது எந்தப் பக்கம் சிதறும் என்று கணக்குப் போடுகிறார். சிதறிய பந்தை எடுப்பவர்தான் ஆட்டத்தை எடுப்பவர். காற்று எதிரே வீசும் பாதியில் பந்தைத் தரையோடு வைத்து, த்ரோ-இன்னுக்கு நேரம் எடுத்து, கோல் கணக்கைக் கட்டிக்காக்க வேண்டும். காற்று பின்னால் வரும் பாதியில் தூரத்திலிருந்தும் உதைத்துப் பார்க்கலாம்.

மெக்கென்னாவின் 15 கோல் இந்தப் பாடத்திலிருந்து வந்தது என்பது என் வாதம். உயரமான ஒரு முன்களக்காரர் மேலே எழும்பி பந்துக்காக முட்டுவார். தடுப்பாளர்கள் இருவரின் கண்ணும் அவர் மேல் இருக்கும். பந்து பெனால்டி பகுதியின் விளிம்பில் எங்கோ விழும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்தால் அவரைப் பிடிக்க வேண்டியது யார் பொறுப்பு? தடுப்பாளர் தன் நடுக்களத்துக்காரரைப் பார்ப்பார், நடுக்களத்துக்காரர் தடுப்பாளரைப் பார்ப்பார். அதற்குள் பந்து வலையில். சொல்ல எளிது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இருபது முறை அப்படி ஓட வேண்டும், பதினெட்டு முறை வீணாகும், வீணான ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஐம்பது கஜம் திரும்பி ஓடி வந்து தன் கோலையும் காக்க வேண்டும். வாரத்தில் இரண்டே இரவு பயிற்சி எடுக்கும் ஒருவர், தினமும் பயிற்சி எடுக்கும் ஒன்பது அணிகளுக்கு எதிராக இதைச் செய்தார்.

அந்த அணியைக் கட்டியவர் டிக் கேம்பல். தட்டைத் தொப்பி, கரகரத்த குரல், பக்கத்தில் உதவியாளராக இரட்டைச் சகோதரர் இயன். 2016இல் அவர் வந்தபோது ஆர்ப்ராத் நாலாம் நிலையில் கிடந்தது. 2017இல் லீக் இரண்டு பட்டம், 2019இல் லீக் ஒன்று பட்டம். பிறகு முழுநேர அணிகளின் உலகமான சாம்பியன்ஷிப்பில் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம் என்று எல்லாரும் பாராட்டி முடித்திருந்தார்கள். அப்போதுதான் 2021-22 வந்தது. மாதக்கணக்கில் ஆர்ப்ராத் முதலிடத்தில் நின்றது. ஜனவரியில் ஒரு அடி விழுந்தது: லிவிங்ஸ்டனிடமிருந்து இரவலாக வந்து கலக்கிக்கொண்டிருந்த முன்களக்காரர் ஜோயல் நூப்ளேயை அவருடைய சொந்த அணி திரும்ப அழைத்துக்கொண்டது. சின்ன அணிகளின் நிலை இதுதான். இரவல் ஆள் நன்றாக ஆடினால் பறிபோவார். மோசமாக ஆடினால் மட்டுமே உங்களிடம் இருப்பார்.

2022 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை இரவு. கில்மார்னாக் அணியின் ரக்பி பார்க். கில்மார்னாக் அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரீமியர்ஷிப்பிலிருந்து இறங்கிய அணி. பணமும் ஆளும் அவர்களிடம் இருந்தன. அன்று ஆர்ப்ராத் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கில்மார்னாக் சமன் செய்தது, பிறகு பிளேர் ஆல்ஸ்டன் இன்னொன்று அடித்தார். 2-1. பட்டம் கில்மார்னாக்குக்குப் போனது. இறுதிக் கணக்கு 67க்கு 65 புள்ளி. இரண்டே புள்ளி! மேலே ஏற மிச்சமிருந்த வழி பிளே-ஆஃப்; அதன் அரையிறுதியில் இன்வர்னெஸ் காலடோனியன் திசிலுடன் இரண்டு ஆட்டம், இரண்டிலும் கோல் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் இன்வர்னெஸ்ஸின் இருவர் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேரோடு நின்றும், பெனால்டி உதைகளில் அவர்களே வென்றார்கள். பகுதிநேர அணி ஒன்று ஸ்காட்லாந்தின் உச்சிப் பிரிவுக்குள் நுழையும் வாய்ப்பு அந்த இரவோடு போனது.

சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த ஆண்டு மெக்கென்னாவுக்குக் கிடைத்தது. ஆட்டக்காரர் சங்கம் தரும் விருது அது. வாக்களிப்பவர்கள் சக ஆட்டக்காரர்கள். அதாவது, அவரைத் துரத்திப் பிடிக்க முடியாமல் போனவர்களே எழுதிக்கொடுத்த சான்றிதழ். பத்திரிகைக்காரன் தரும் பட்டத்தைவிட நான் இதைத்தான் மதிப்பேன்.

சரி, இதில் கஷ்டம் எங்கே? ஒப்பந்தத்தில். இந்த மட்டத்தில் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தங்கள்தான் வழக்கம். ஏப்ரல் முடிந்து மே பிறந்தால் உடைமாற்றும் அறையில் பேச்சு குறையும். யாருக்குக் கையெழுத்து நீடிக்கும், யாருக்குக் கைகுலுக்கலோடு முடியும் என்பது அப்போதுதான் தெரியும். முழங்கால் திருகிப்போனால் இரண்டு வருமானமும் ஒன்றாக நிற்கும்: பந்தும் உதைக்க முடியாது, ஏணியிலும் ஏற முடியாது. செயற்கைப் புல்தரை வைத்திருக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுகளில் ஏராளம். வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம், மழையில் ஆட்டம் நிற்காது என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தத் தரையில் ஆடிய மறுநாள் மூட்டும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன என்பது ஆட்டக்காரர்கள் ஓயாமல் சொல்லும் குறை. பிரீமியர்ஷிப் அணிகள் தங்கள் பிரிவில் அதை 2026-27 பருவத்திலிருந்து ஒழிக்க 2024இல் வாக்களித்தன. கீழே இருப்பவர்களின் மூட்டைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

கூலியைப் பற்றி ஒரே ஒரு உதாரணம். ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற அணி 2000களின் தொடக்கத்தில் தன் ஆட்டக்காரர்களுக்கு வாரம் 10 பவுண்டு கொடுத்தது. தட்டச்சுப் பிழை இல்லை, பத்துதான். அந்த அணி 2003 முதல் 2007 வரை ஐந்து பருவமும் லீக்கின் அடிமட்டத்தில் முடிந்தது. இதே அணியில்தான் 1974இல் அலெக்ஸ் ஃபெர்குசன் மேலாளர் தொழிலைத் தொடங்கினார்.

மெக்கென்னாவின் அணித்தோழர் பாபி லின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். டன்டீயில் குப்பை லாரியில் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்னால் எழுந்து தொட்டிகளைக் காலி செய்துவிட்டு, சனிக்கிழமை ஓரத்தில் பந்தோடு பறப்பார். 2019இல் லீக் ஒன்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. "குப்பை லாரி வீரர்" என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு நெருடல். குப்பை அள்ளுவதையே திரும்பத் திரும்ப எழுதியவர்கள், அவர் எப்படி ஒரு தடுப்பாளரைத் தவறான காலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே வெட்டிப் போகிறார் என்பதை எழுதவில்லை. வேலையைச் சொல்லி ஆட்டத்தை மறைப்பதும் ஒரு வகை அவமதிப்புதான்.

பகுதிநேரம் என்பது ஸ்காட்லாந்தில் விசித்திரமும் அல்ல. ஃபெர்குசனே கிளாஸ்கோவில் கருவி செய்யும் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டே குயின்ஸ் பார்க்கிலும் செயின்ட் ஜான்ஸ்டனிலும் ஆடியவர். 1964இல் டன்ஃபர்ம்லினுக்குப் போனபிறகுதான் முழுநேரம். 1966-67 பருவத்தில் கிளைடு அணி பகுதிநேர ஆட்டக்காரர்களோடு உச்சிப் பிரிவில் மூன்றாவதாக வந்தது. செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அதே பருவம்!

அதே பருவத்தில், 1967 ஜனவரி 28 அன்று, மெக்கென்னா பிற்காலத்தில் ஆடிய அந்தப் பெரிக் ரேஞ்சர்ஸ், ஸ்காட்டிஷ் கோப்பையைக் கையில் வைத்திருந்த கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை 1-0 என்று வீழ்த்தியது. கோல் அடித்தவர் சாமி ரீட். இவர் கதை ஒரு நாவலுக்குப் போதும். பில் ஷாங்க்லி லிவர்பூல் மேலாளரானபின் முதன்முதலில் வாங்கிய ஆட்டக்காரர் இவர்தான். லிவர்பூலின் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். மேலே இருந்து பார்த்தால் அது தோல்விக் கதை. ஆனால் ஸ்காட்டிஷ் கோப்பையின் வரலாற்றை எழுதுகிற எவரும் சாமி ரீட் பெயரை எழுதாமல் போக முடியாது. அன்று தோற்ற ரேஞ்சர்ஸின் முன்களக்காரர்கள் ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மெக்லீன் இருவரும் அதற்குப் பிறகு அந்த அணிக்கு ஆடவே இல்லை. வென்ற பெரிக்கின் கோல்கீப்பரும் மேலாளருமாக இருந்த ஜாக் வாலஸ் பின்னாளில் அதே ரேஞ்சர்ஸின் மேலாளரானார்.

இன்னொருவர், ஜிம் மெக்லீன். தச்சர். ஹாமில்டன், கிளைடு, டன்டீ, கில்மார்னாக் என்று சுற்றிய ஆட்டக்காரர். பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. 1971இல் டன்டீ யுனைடெட் மேலாளரானார். 1983இல் அந்தச் சின்ன அணிக்கு லீக் பட்டம், 1984இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, 1987இல் யூஃபா கோப்பை இறுதி. நட்சத்திரமாக இல்லாத ஆட்டக்காரன் ஆட்டம் முழுக்க மற்றவர்களுக்காகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் மேலாளருக்குப் பெரிய முதலீடு என்று நான் நம்புகிறேன். இதை நிரூபிக்க முடியாது. ஆனால் எதிர் உதாரணம் காட்டுபவர்கள் நட்சத்திரங்களாக இருந்து மேலாளராகத் தோற்றவர்களின் பட்டியலையும் கையோடு கொண்டுவரட்டும்.

ஆன்டி ராபர்ட்சனை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். 2012இல் குயின்ஸ் பார்க்கில் சம்பளமில்லாமல் நாலாம் நிலையில் ஆடியவர், பிறகு லிவர்பூலில் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். அவரை நான் வேண்டுமென்றே ஓரத்தில் வைத்தேன். லட்சத்தில் ஒருவர் ஏறிய ஏணியைக் காட்டி, ஏறாதவர்களை அளக்கும் வேலையை அந்த உதாரணம்தான் தொடங்கிவைக்கிறது.

லீக்கின் அடித்தரைக்கும் இப்போது கீழே ஒரு கதவு உண்டு. 2014-15 பருவத்திலிருந்து லீக் இரண்டில் கடைசியாக வரும் அணி, லீக்குக்கு வெளியே வென்று வரும் அணியோடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். 2016இல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் அந்தக் கதவு வழியாக விழுந்தது. 2019இல் பெரிக் ரேஞ்சர்ஸ், கோவ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டத்தில் மொத்தம் 7-0 என்று தோற்று வெளியேறியது. அடுத்து 2021இல் பிரீக்கின் சிட்டி, 2022இல் கௌடன்பீத், 2023இல் ஆல்பியன் ரோவர்ஸ். நூற்றாண்டு கடந்த அணிகளும் இதில் உண்டு. நியாயமான ஏற்பாடுதான், நான் எதிர்க்கவில்லை; திறமையுள்ள புதிய அணிகள் உள்ளே வர வழி வேண்டும். ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு திறப்பது வேறு மாதிரி ஒலிக்கும்.

ஆர்ப்ராத்தும் தப்பவில்லை. 2023 நவம்பரில் கேம்பல் போனார். அந்தப் பருவத்தின் முடிவில் அணி கடைசி இடத்தில் வந்து லீக் ஒன்றுக்கு இறங்கியது. அத்தோடு முடிந்தது என்று எழுதினார்கள். அடுத்த பருவத்தில், ஆட்டக்காரர்களாக இருந்த டேவிட் கோல்டும் காலின் ஹாமில்டனும் சேர்ந்து மேலாளர் பொறுப்பை ஏற்றார்கள். 2025இல் ஆர்ப்ராத் லீக் ஒன்று பட்டத்தை வென்று சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். அங்கே மூன்று மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. அடுத்த சனிக்கிழமை பெரிய அணிகளின் முடிவைப் பார்த்துவிட்டுக் கைபேசியை மூடாதீர்கள். பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, ஆர்ப்ராத் என்ன ஆனது என்று பாருங்கள். கோல் அடித்தவர் பெயரையும் ஒருமுறை வாசியுங்கள்.